பெயர், தகப்பனார் பெயர், ஊர், சைக்கிள் நம்பர்

பெரிய கல்லூரி வளாகம் ஒன்றில், வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிள்ளை வகுப்பறைக்கு எப்படிப் போய்ச் சேருவது? இதையெல்லாமா சரித்திரம் என்று எழுதுவது என்று கேட்பீர்கள். ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்கு ஒரு அறுபது வருஷக் கதை இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்து, பிரான்ஸ், இங்கிலாந்து, சீனா என்று சுற்றி வருகிற கதை. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்துக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கை யாரும் எழுதிவைக்கவில்லை. எனவே நான் எழுதுகிறேன்.

கேள்வியைக் கிளப்பிவிட்டவள் என் தம்பி பேத்தி. நெடுஞ்சாலை ஓரத்து வளாகம் ஒன்றில் படிக்கிறாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, அதனால் வாசல் வரைக்கும் செலவில்லாமல் போய்விடுகிறாள். வாசலிலிருந்து அவள் துறை இருக்கும் கட்டடம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிழல் தருகிற மரம் என்று பாதி வழிக்குமேல் கிடையாது. பையன்கள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். இவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். "பஸ் கொண்டுவந்து விட்டுடுது தாத்தா, அந்தக் கடைசித் தூரந்தான் கொல்லுது" என்றாள். அவளிடம், எங்கள் காலத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்க இந்தக் கட்டுரை அளவு ஆகிவிட்டது.

நான் பிறந்தது காரைக்காலில். படித்தது பிரெஞ்சில். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி அந்தப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் பாடப்புத்தகத்தில் சைக்கிளைக் கண்டுபிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1860களில் பாரிஸில் மிஷோ என்பவருடைய பட்டறையிலிருந்து வந்த மிதி வண்டிதான் ஆதி சைக்கிள் என்று வாத்தியார் சொல்லுவார். ஆங்கிலத்தில் படித்தவர்களைக் கேட்டால், செயின் வைத்த ஸ்டார்லியின் 'ரோவர்', 1885, இங்கிலாந்து என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் சைக்கிளுக்கு ஒரு செல்லப்பெயரும் வைத்திருந்தார்கள்: 'லா பெத்தீத் ரேன்', சின்ன ராணி.

அதற்கு முன்னால் புதுச்சேரியில் துரைமார் ஏறிப்போனது 'பூஸ்பூஸ்' வண்டி. பழைய படங்களில் பார்க்கலாம். துரை முன்னால் உட்கார்ந்து ஒரு கைப்பிடியால் திசை திருப்புவார். பின்னால் இருந்து ஆட்கள் தள்ளுவார்கள். பிரெஞ்சில் 'பூஸ்' என்றால் தள்ளு. தள்ளு தள்ளு வண்டி. புகை கிடையாது, பெட்ரோல் கிடையாது. இன்றைய கணக்கில் சுற்றுச்சூழலுக்கு அதைவிட உகந்த வாகனம் இருக்க முடியாது! ஆகவே ஒரு வண்டி நல்ல வண்டியா என்று கேட்கும்போது, புகை வருகிறதா என்பதோடு யார் உடம்பு நோகிறது என்பதையும் கேட்க வேண்டும். சைக்கிள் இந்த இரண்டாவது கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்ன வண்டி. போகிறவன் காலே அவனைக் கொண்டுபோகிறது.

எழுபதுகளில் எனக்கு வருவாய்த்துறையில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தேன். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள். பெரம்பலூர் மாவட்டம் ஆனது 1995இல். அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் கோப்புக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தது எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள். அது வேறு கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

பெரம்பலூருக்கு அன்றும் ரயில் கிடையாது, இன்றும் கிடையாது. பஸ்தான். பஸ்ஸை விட்டு இறங்கி எளம்பலூருக்கோ செங்குணத்துக்கோ விசாரணை நோட்டீஸ் சார்வு செய்யப் போக வேண்டுமானால் வாடகை சைக்கிள்தான். கடைக்காரரை எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம். கடை என்றால் ஓலைச் சாய்ப்பு ஒன்று, பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்பு, கிரீஸ் கறுப்பேறிய ஒரு பெஞ்சு, வரிசையாக ஒரு இருபது சைக்கிள். ஒவ்வொரு மட்கார்டிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். பின்னால் கேரியர் இருக்காது. கேரியர் இருந்தால் டபுள்ஸ் ஏற்றுவான், நெல் மூட்டை ஏற்றுவான், வீல் கோட்டமாகிவிடும் என்று பாய் கழற்றி வைத்துவிடுவார். பையன்களுக்கு அரை சைக்கிள் தனியாக உண்டு. அரை சைக்கிள் கிடைக்காதவன் முழு சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடிப்பான்.

மணிக்கு 25 காசு. 'அவர் சைக்கிள்' என்றே பேர். பாய் மரியாதைக்காக 'அவர்' போடுகிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஆங்கில 'அவர்' என்று புரியப் பிரெஞ்சில் படித்த எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாயிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. அதில் ஐந்து பத்திகள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், சைக்கிள் நம்பர், எடுத்த நேரம். முன்பணம் கிடையாது. அடையாள அட்டை கிடையாது, அன்று யாரிடம் அட்டை இருந்தது? புது ஆள் போனால் "யார் வீட்டுப் பிள்ளை?" என்பார். சொன்னதும் எழுதிக்கொள்வார். தெரியாத ஆள் என்றால், தெரிந்தவர் ஒருவர் வந்து "நம்ம ஆபீஸ் தம்பிதான், கொடுங்க பாய்" என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்படிச் சொன்னவர் எங்கள் தலைமை எழுத்தர். அதற்கப்புறம் பாய்க்கு நான் 'தாலுக்கா ஆபீஸ், காரைக்கால்'. பஞ்சர் ஆனால் எடுத்தவன் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு நாள் எல்லா வண்டியையும் பிரித்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து ஓவராயில் பண்ணுவார்கள். சைக்கிள் காணாமல் போயிற்று என்று பாய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த நோட்டைப் பற்றி நான் அன்றைக்குப் பெரிதாக நினைக்கவில்லை. ஓய்வு பெற்று, பிரெஞ்சுப் பத்திரிகைகளைத் திரும்பப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், ஐரோப்பாக்காரர்கள் பெரும்பாடு பட்டுத் தேடியது அந்த நோட்டைத்தான் என்று தெரிந்தது.

1965இல் ஆம்ஸ்டர்டாமில் 'ப்ரோவோ' என்ற இளைஞர் கூட்டம் சில சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்துப் பூட்டில்லாமல் தெருவில் விட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், போன இடத்தில் விட்டுவிடலாம். லூட் ஸ்கிமெல்பெனிங்க் என்பவருடைய யோசனை அது. எல்லாம் களவு போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்வார்கள். உண்மையில் முதலில் வந்து எடுத்துக்கொண்டு போனது போலீஸ்! சைக்கிளைப் பூட்டாமல் தெருவில் விடக் கூடாது என்று அங்கே சட்டம். எழுபதுகளில் பிரான்சின் மேற்குக் கடற்கரையில் லா ரொஷேல் நகரத்தில், மிஷேல் கிரெப்போ மேயராக இருந்தபோது, நகராட்சியே மஞ்சள் சைக்கிள்களை மக்களுக்கு விட்டது. கிட்டத்தட்ட அதே வருஷங்களில்தான் நான் பாயிடம் 25 காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

1995இல் கோப்பன்ஹேகன். அங்கே நாணயம் போட்டால் பூட்டுத் திறக்கும், திருப்பி வைத்தால் நாணயம் வெளியே வரும். தள்ளுவண்டிக் கடையில் பாட்டிலுக்கு வைக்கும் முன்பணம் மாதிரி. ஆனால் நாணயத்துக்குப் பேர் கிடையாது. யார் போட்டான் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாணயத்துக்கு ஒரு சைக்கிள் லாபம் என்று கணக்குப் போடுகிறவன் எல்லா ஊரிலும் இருக்கிறான். அங்கேயும் இருந்தான்.

இந்த முடிச்சை அவிழ்த்தது நகரம் இல்லை, ஒரு பல்கலைக்கழகம். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம், 1996. 'பைக்கபவுட்' என்று திட்டத்துக்குப் பேர். மாணவர்களும் ஊழியர்களும் ஒரு காந்த அட்டையைத் தேய்த்தால் சைக்கிள் கிடைக்கும். அட்டையில் ஆள் யார் என்று பதிந்திருக்கும். எடுத்தவர் யார், எத்தனை மணிக்கு எடுத்தார், எங்கே வைத்தார், எல்லாம் எழுத்தில் வந்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் கார் எடுத்துக்கொண்டு போவதைக் குறைக்க வேண்டும் என்பது நோக்கம். சின்னத் திட்டம், சில வருஷத்தில் நின்றும் போயிற்று. ஆனால் அதற்குப் பின் வந்த ரென், லியோன், 2007 ஜூலையில் பாரிஸின் 'வெலிப்' எல்லாமே அந்த அட்டையின் வாரிசுகள். அட்டை என்பது என்ன? பெயர், தகப்பனார் பெயர், ஊர், சைக்கிள் நம்பர், எடுத்த நேரம். பாயின் நோட்டு.

பல்கலைக்கழகத்தில் இது முதலில் பலித்ததற்குக் காரணம், வளாகம் என்பது எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த இடம். ஒவ்வொருவருக்கும் பதிவெண் உண்டு. தேர்வு எழுதினால்தான் பட்டம், பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் வராது. இதைவிடப் பெரிய பிணை எந்தக் கடைக்காரருக்குக் கிடைக்கும்?

இதற்கு எதிர்ப்பக்கச் சாட்சியும் இருக்கிறது, சீனாவில். 'ஓஃபோ' என்ற மஞ்சள் சைக்கிள் கம்பெனி பீஜிங் பல்கலைக்கழக வளாகத்தில் தாய் வெய் என்ற மாணவரும் நண்பர்களும் ஆரம்பித்தது. 2015இல் மாணவர்களிடம் அவர்கள் கேட்டது இதுதான்: உன் பழைய சைக்கிளைப் பொதுவில் கொடு, பதிலுக்கு வளாகத்தில் உள்ள எல்லாச் சைக்கிளும் உன்னுடையது. வளாகத்துக்குள் அது நன்றாகவே ஓடியது. பிறகு கோடி கோடியாகப் பணம் வந்தது. வளாகத்தை விட்டு ஊருக்குள் இறங்கி, நாடு முழுக்கப் போய், வெளிநாடும் போனார்கள். ஆற்றிலும் குப்பைமேட்டிலும் சைக்கிள் குவிந்தது. 2018 டிசம்பரில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஜனங்கள் பீஜிங் குளிரில் அவர்கள் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள். இணையத்தில் காத்திருந்தவர்கள் மட்டும் ஒரு கோடிக்கு மேல். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க ஆள் இருந்த இடத்தில் பிழைத்தது, இல்லாத இடத்தில் செத்தது. என் கருத்து இது. பொருளாதாரம் படித்தவர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும், சொல்லட்டும்.

நம் பக்கம் பார்ப்போம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2012இல் 'நம்ம சைக்கிள்' என்று ஒரு பொது சைக்கிள் ஏற்பாடு வந்தது. பல ஐஐடி வளாகங்களுக்கும் பிற்பாடு செல்போனில் திறக்கும் சைக்கிள்கள் வந்தன. சென்னை ஐஐடி அதற்கெல்லாம் முன்னாலேயே சைக்கிள் ஊர்தான். 1959இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு, கிண்டிக் காட்டிலிருந்து சுமார் 250 ஹெக்டேர் பிரித்து ஏற்படுத்திய வளாகம். உறவுக்காரப் பையன் ஒருவனைப் பார்க்க இரண்டு தடவை போயிருக்கிறேன். வாசலிலிருந்து விடுதிகள் நடக்கிற தூரம் இல்லை. மாணவர்கள் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி. விடுதிகளுக்கு கங்கை, காவேரி, நர்மதை என்று ஆறுகளின் பெயர். உள்ளே ஓடும் பஸ்களுக்கு மலைகளின் பெயர். மலைகள் ஓடும், ஆறுகள் நிற்கும், உலகத்தில் இது ஒன்றுதான் அப்படிப்பட்ட இடம் என்று பையன்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். புள்ளிமான் சாலையைக் கடந்தால் சைக்கிள் நிற்கிறது, மந்திரி மகனும் கண்டக்டர் மகனும் அதே சைக்கிளில்தான். அந்த விதி புகைக்காக எழுதப்பட்டதோ மானுக்காகவோ, எனக்கு அதில் பிடித்தது இந்த மூன்றாவது பலன்தான்.

ஆனால் ஐஐடியில் காட்டைக் காட்டாகவே வைத்தார்கள். மேலே ஆலமரம் குடை பிடிக்கிறது. நம் கல்லூரிகளில் முதலில் புல்டோசர், அப்புறம் தார்ச் சாலை, அப்புறம் நிறுவனர் சிலை, கடைசியில் சிமெண்டுத் தொட்டியில் இரண்டு குரோட்டன்ஸ் என்று வரிசை. சித்திரை வெயிலில் அந்தத் தாரில் சைக்கிளும் கஷ்டந்தான். பேட்டரி வண்டி விடலாம், சில இடங்களில் விடுகிறார்கள். பேட்டரி போனால் மாற்றக் காசு வேண்டும், டிரைவருக்குச் சம்பளம் வேண்டும். பெரும்பாலும் அது விருந்தினர்களைச் சுற்றிக் காட்டத்தான் ஓடுகிறது. வேம்பும் புங்கனும் நட்டுப் பத்து வருஷம் காத்திருப்பதுதான் மலிவு.

நம் ஊர்ப் பெண்கள் சைக்கிள் ஓட்டுவார்களா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையைக் காட்டுவேன். எங்கள் பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகள் பலவற்றுக்குப் பட்டம் தருவது பாரதிதாசன் பல்கலைக்கழகம். 1982இல் தொடங்கியது. அதன் பல்கலைப்பேரூர் வளாகம் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில்தான் இருக்கிறது. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் வருகிற மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பஸ் கிடையாது. அதனால் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். கல் உடைக்கிற பெண்கள், கூலி வேலைப் பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள் எல்லாரும் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேருக்குமேல் கொடி கட்டி மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனதைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார்த்திக்கொள்ளலாம் என்று அதிலும் ஒரு வசதி கண்டார்கள்.

அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2001-02இல், அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிற்பாடு படிப்படியாக விரிந்து, அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு சேர்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் வந்தது. ஆட்சி மாறியும் நிற்காத திட்டங்களில் இது ஒன்று. மழை பெய்து ஓய்ந்த காலையில் மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். ஒரே நிறத்தில் சாரி சாரியாக வரும் சைக்கிள்களை எண்ணி முடிக்க முடியாது.

இரண்டே வருஷம். பிளஸ் டூ முடிந்ததும் அந்தச் சைக்கிள் வீட்டில் நின்றுவிடுகிறது. காரணம் தெரியாததில்லை. பெரம்பலூரிலிருந்து குரும்பலூர் அரசுக் கல்லூரிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர். அரியலூர்ப் பக்கம் என்றால் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்டு லாரியும் போகிற சாலையில் பெற்றவர்கள் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப மாட்டார்கள். அனுப்பவும் கூடாது என்பேன். அந்த லாரிகள் எத்தனை வீட்டில் விளக்கை அணைத்தன என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆக, வாசல் வரைக்கும் பஸ் சரி. வாசலுக்கு உள்ளே லாரி வராது. அங்கே சைக்கிளுக்கு என்ன தடை?

வாசலில் ஒரு சாய்ப்பு. நம்பர் போட்ட ஐம்பது சைக்கிள். ஒரு பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, தெரிந்த ஒரு ஆள். அட்டையோ, செயலியோ, இல்லை கோடு போட்ட நோட்டோ, பதிவெண்ணை எழுதிக்கொண்டு வண்டியைக் கொடுத்தால் முடிந்தது. மாலையில் கணக்குப் பார்த்தால் எது வரவில்லை என்று தெரிந்துவிடும். இதற்கு டெண்டர் விட்டு, ஆலோசகர் வைத்து, தொடக்கவிழா நடத்தினால் இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கும் என்பது என் முப்பத்தைந்து வருஷ ஆபீஸ் அனுபவம். ஒரு மெக்கானிக்குக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தால் ஓடும். பாய் கடை ஓடியது ஓவராயிலால்தான்.

சைக்கிளுக்கு எங்கே போவது என்று தம்பி பேத்தி கேட்டாள். பீஜிங் பையன்கள் செய்ததைச் சொன்னேன். பிறகு இருவருமாக எங்கள் தெருவில் ஒரு நடை போய்ப் பார்த்தோம். ஒரு வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி நின்றது. இன்னொரு வீட்டில் ஹேண்டில்பாரில் ஈரத்துணி காய்ந்தது. கோடி வீட்டில் பாகற்கொடி சீட்டு வரைக்கும் ஏறி, காயும் தொங்கியது. அந்த வீட்டம்மா "எடுத்துட்டுப் போங்க சார், காயைப் பறிச்சுட்டு எடுங்க" என்றார். அவள் சொந்தச் சைக்கிள் எங்கே என்று அப்போதுதான் கேட்டேன். மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். இறக்கிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் காட்டினோம். இரண்டு டியூப், ஒரு ஜோடி பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய், ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துத் தருகிறேன் என்றார். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.